மைதானத்தின் ஓரத்தில் ஒரு தொழில்

தொழில்கள் சில தம் பெயராலேயே பிழையாக உணரப்படுகின்றன. அமெரிக்காவில் 'அத்லெற்றிக் றெயினர்' எனப்படுவோரின் தொழில் அத்தகையது. சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, நிறுத்தற் கடிகாரத்தைக் கையிற் பிடித்தபடி ஓட்டவீரரை விரட்டும் பயிற்றுநர் ஒருவரே மனக்கண்ணில் தோன்றுவார். உண்மையில் இவர் ஓடப் பயிற்றுபவர் அல்லர்; ஓடுபவரின் உடலுக்குப் பொறுப்பாக நிற்பவர். காயம் நேராமற் காத்தல், நேர்ந்த காயத்தை அவ்விடத்திலேயே இனங்காணல், ஆபத்தின் முதல் நிமிடங்களில் உயிரைப் பிடித்து நிறுத்தல், காயமுற்றவரைப் படிப்படியாக ஆடுகளத்துக்கு மீட்டுக் கொணர்தல் என்பன இவர்தம் கடமைகள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்நாட்டவரே இவரை உடற்பயிற்சிக்கூடத்து ஆசிரியரோடு மயங்கக் கொள்கின்றனர். பெயரை மாற்றிவிடலாமா என அத்தொழிலார் தமக்குள் பலகாலும் விவாதித்துமுள்ளனர். தமிழில் இவரைப் பயிற்றுநர் என எழுதினால் அக்குழப்பமும் உடன்வந்து சேரும். ஆகவே இக்கட்டுரையில் 'மெய்பேணுநர்' என்னும் சொல் வழங்கப்படுகின்றது. மெய்வல்லுநர் என்ற சொல் ஈழத்துப் பாடசாலை மைதானங்களில் நெடுநாளாக வழங்கிவருவதால், அதனோடு இதுவும் ஒருவாறு ஒத்துப்போகும்.

தமிழர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. சிலம்பமும் வர்மமும் கற்பித்த ஆசான்மார், அடிக்கும் வித்தையோடு அடிபட்டவனைத் தேற்றும் தடவுமுறைகளையும் அறிந்திருந்தனர். ஆயின் அங்கே கற்பிப்பவரும் ஆற்றுபவரும் ஒருவரே. அமெரிக்கக் கல்லூரிகள் அவ்விரு கடமைகளையும் இருவரிடம் ஒப்படைத்தன. அவ்விருவருள் யாருடைய சொல் மேலானது என்பது அன்று தீர்க்கப்படவில்லை. இத்தொழிலின் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் எழும் ஏனைய வினாக்கள் யாவும் ஈற்றில் இதிலேயே வந்து முட்டுகின்றன.

1881ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் தன் உதைபந்தாட்ட அணியின் உடல்நிலையைக் கவனிக்க ஜேம்ஸ் றொபின்சன் என்பவரை அமர்த்தியதே இத்தொழிலின் தொடக்கமாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. அக்காலத்தில் இதற்குக் கல்வித்தகுதி என ஒன்று இருக்கவில்லை. ஒரு வாளி நீர், ஒரு கடற்பஞ்சு, சுளுக்குக்குப் பூசும் தைலம் ஆகியவற்றோடு ஓரத்தில் நின்றவரே மெய்பேணுநர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் பிலிக் என்பார் இத்துறைக்கு முதல் நூலை எழுதினார். கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே கிறேமர் சகோதரர் தைலம் காய்ச்சி விற்கத் தொடங்கி, பின்னர் பாடசாலைகளுக்கு முதலுதவி அறிவைப் பரப்பும் பணியிலும் இறங்கினர். 1938இல் நிறுவப்பட்ட முதற் சங்கம் போர்க்காலத்தில் நலிந்து மறைந்தது. 1950இல் கன்சாஸ் சிற்றியில் கூடியோர் நிறுவிய தேசிய சங்கமே இன்றளவும் நிலைத்துள்ளது. ஆரம்பத்தில் அது முற்றிலும் ஆடவர் உலகமாகவே இருந்தது. இன்று அத்தொழிலாருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதை இவ்விடத்திலேயே குறித்துவிடலாம். சம்பளத்தைப் பற்றிப் பேசுகையில் அதனை மறந்துவிடலாகாது.

கல்வித்தகுதி உயர்ந்த வரலாறு அதன்பின் தொடங்குகின்றது. 1959இல் சங்கம் ஒரு பாடத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1969இல் முதன்முதலாக நான்கு பல்கலைக்கழகங்களின் பாடநெறிகள் அங்கீகாரம் பெற்றன. 1970இல் சான்றிதழுக்கான முதற் பரீட்சை நடைபெற்றது. அடுத்த ஆண்டில் ரெக்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டத்தை எல்லா மாநிலங்களுக்கும் முன்னதாக இயற்றியது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவஞ்சார் தொழில்களுள் ஒன்றாக ஏற்றது. ஆயினும் நெடுங்காலம் வரை பரீட்சைக்குச் செல்ல இரு வழிகள் இருந்தன. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியைப் பயிலுதல். மற்றையது, ஏதேனும் ஒரு பட்டப்படிப்போடு மூத்த மெய்பேணுநர் ஒருவரின் கீழ் 1500 மணித்தியாலம் வேலைபழகுதல். பட்டறையில் தொழில்பழகும் முறையை ஒத்த இவ்விரண்டாம் வழி 2004இல் அடைக்கப்பட்டது. 2015இல் இன்னுமொரு படி ஏற்றப்பட்டது: இளமாணிப் பட்டம் போதாது, முதுமாணிப் பட்டமே நுழைவாயில் என முடிவாயிற்று. 2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்துக்குப் பின் இளமாணிப் பாடநெறிகளுக்குப் புதிய மாணாக்கரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

ஆகவே இன்று இத்தொழிலை நாடும் ஒருவர் முதலில் நான்கு ஆண்டு இளமாணிப் படிப்பில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், உளவியல், உடற்கூற்றியல், உடற்றொழிலியல் ஆகிய அடிப்படைகளைக் கற்றிருத்தல் வேண்டும். அதன்மேல் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முதுமாணிப் பாடநெறி; அதனோடு வைத்தியசாலையிலும் மைதானத்திலும் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி. பின்னர் தேசியப் பரீட்சை. அதன்பின் தாம் வேலைசெய்யும் மாநிலத்தின் அனுமதிப்பத்திரம். (ஐம்பது மாநிலங்களுள் கலிபோர்னியா ஒன்றே இவ்விடயத்தில் நெடுங்காலமாக ஒதுங்கி நின்றது. பெருந்தொகையான விளையாட்டு வீரரைக் கொண்ட மாநிலம் அவர்தம் காவலருக்குச் சட்டம் இயற்றத் தயங்கியமை வியப்புக்குரியது.) இத்துடனும் படிப்பு முடிவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐம்பது அலகு தொடர்கல்வியைப் பூர்த்தி செய்தாலன்றிச் சான்றிதழ் நிலையாது.

இத்துணைப் படிப்பு எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. கணுக்காலில் ஒட்டுநாடா சுற்றுவதற்கும் முழங்காலில் பனிக்கட்டி வைப்பதற்கும் ஆறாண்டுக் கல்வி வேண்டுமா என்று அந்நாட்டிலும் பலர் கேட்டனர். விடை ஒட்டுநாடாவில் இல்லை; வெயிலில் உள்ளது.

கடும் உழைப்பினால் உடல் தன்னுள்ளே பிறப்பிக்கும் வெப்பத்தை வெளியேற்ற இயலாதபோது, உள்வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டிச் செல்கின்றது. வீரர் தடுமாறுகின்றார், பொருளற்றுப் பேசுகின்றார், சில வேளைகளில் காரணமின்றிச் சினக்கின்றார். பார்ப்போர் இதனைக் களைப்பென்றோ சோம்பலென்றோ கருதுவர். வியர்வை நிற்பதில்லை, ஆகவே வெப்பத்தாக்கம் எனில் தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்னும் பொதுநம்பிக்கை இங்கே மோசஞ்செய்கின்றது. வாயிலோ காதிலோ நெற்றியிலோ வைக்கும் வெப்பமானி உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். குதவழி அளப்பதொன்றே மைதானத்தில் நம்பத்தக்க முறை. உணர்விழந்த ஓர் இளைஞனிடத்தே பலர் முன்னிலையில் அதனைச் செய்யத் துணிவும் ஒழுங்கும் வேண்டும். அளந்த பின் செய்யவேண்டியதோ பொதுப்புத்திக்கு மாறானது. அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி விரைதல் அன்று. வண்டியைக் காத்திருக்கச் செய்து, பனிநீர் நிறைந்த தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தி, ஏறத்தாழ அரை மணி நேரத்துள் வெப்பத்தைத் தணித்த பின்னரே வைத்தியசாலைக்கு அனுப்புதல். முதலில் குளிர்வித்தல், பின்னர் கொண்டுசெல்லல் என்பது அத்தொழிலாரின் பாலபாடம்.

இம்முறையின் பயனுக்கு மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பால்மத் நகரின் வீதியோட்டம் சான்று. ஆகஸ்ட் மாத வெக்கையில் ஏழு மைல் ஓடும் அப்போட்டியில், பதினெட்டு ஆண்டுகளுக்குரிய பதிவுகளின்படி, 274 பேர் கடும் வெப்பத்தாக்கத்துக்கு உள்ளாயினர். பனிநீர்த் தொட்டிகள் முடிவுக் கோட்டின் அருகிலேயே ஆயத்தமாக இருந்தன. 274 பேரும் உயிர்பிழைத்தனர். மறுபுறத்தில், 2001 ஜூலை 31ஆந் திகதி மினசோற்றா மாநிலத்து மன்காற்றோ நகரில், தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் கோறி ஸ்றிங்கர் பயிற்சியின்போது சரிந்தார், மறுநாள் இறந்தார். நாட்டின் மிகச் செல்வம் மிக்க விளையாட்டின் பயிற்சிக்களம் அது. அவர் பெயரால் 2010இல் கனெற்றிக்கற் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனம் அமைந்தது. வெப்பத்தாக்க மரணம் தடுக்கத்தக்கது என்பதை நாடெங்கும் எடுத்துரைப்பதே அதன் பணியாயிற்று.

தலைக்காயமும் இவ்வாறே. வாஷிங்ரன் மாநிலத்தில் 2006இல் மூளையதிர்ச்சியுற்ற பாடசாலைச் சிறுவன் ஒருவன் அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டு, உயிராபத்தான மூளைக்காயத்துக்கு ஆளானான். அதன் விளைவாக 2009இல் எழுந்த லிஸ்ரெட் சட்டம், ஐயத்துக்கிடமான தலைக்காயம் உற்றவரை உடனே ஆட்டத்திலிருந்து நீக்கவேண்டும் என்றும், தகுதிபெற்றோரின் எழுத்துமூல அனுமதியின்றி மீள இறக்கலாகாது என்றும் விதித்தது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் இவ்வகைச் சட்டங்களை ஏற்படுத்திவிட்டன. சட்டம் வந்தது, ஆயின் ஐயத்தை எழுப்ப ஓரத்தில் ஒருவர் நிற்கவேண்டுமே.

அவ்வாறு ஒருவர் நின்றதன் பயனை 2023 ஜனவரி 2ஆந் திகதி அந்நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. சின்சினாற்றி நகரில் பவலோ அணியின் டமார் ஹம்லின் மார்பில் மோதுண்டு இதயம் நின்று வீழ்ந்தார். அவ்வணியின் உதவி மெய்பேணுநர் டெனி கெலிங்ரன் அவ்விடத்திலேயே மார்பை அழுத்தி உயிர்மீட்பைத் தொடங்கினார். ஹம்லின் பிழைத்து, மீண்டும் ஆடவும் வந்தார். அன்றுவரை இத்தொழிலின் பெயரையே கேட்டிராத பலர் அதன்பின் கேட்டனர்.

இத்தகைய நிகழ்ச்சிகளை மட்டும் நோக்கின், கல்வி உயர்ந்தது நன்றாயிற்று என்று கூறி அமையலாம். ஆனால் 2018இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது அவ்வாறு அமைய விடுவதில்லை. மே 29ஆந் திகதி ஜோர்டன் மக்நெயர் என்னும் பத்தொன்பது வயது மாணவர், அணியின் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்துக்கு உள்ளானார். அங்கே மெய்பேணுநர் இல்லாமல் இல்லை. சான்றிதழ் பெற்றோர் நின்றனர். ஆயினும் உள்வெப்பநிலை அளக்கப்படவில்லை. பனிநீர்த் தொட்டி பயன்படுத்தப்படவில்லை. நோய்க்குறி தோன்றியதற்கும் அம்புலன்ஸ் புறப்பட்டதற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட காலம் கழிந்தது. ஜூன் 13ஆந் திகதி அவர் இறந்தார். பல்கலைக்கழகத் தலைவர் சட்டப் பொறுப்பையும் அறப் பொறுப்பையும் வெளிப்படையாக ஏற்றார். அணியின் உடற்பயிற்சிப் பொறுப்பாளரோடு மெய்பேணுநர்களும் பதவியிழந்தனர். மெய்பேணுநரை விளையாட்டுத் துறையிலிருந்து பிரித்து மருத்துவக் கல்லூரியின் கீழ்க் கொணரும் யோசனை ஒன்று முன்னரே எழுந்து கைவிடப்பட்டிருந்தது என்பதையும் பத்திரிகைகள் பின்னர் வெளியிட்டன.

பட்டமும் சான்றிதழும் இருந்தும் அறிவு ஏன் செயலாகவில்லை? ஒரு மரணத்துக்குத் தனியொரு காரணம் கூறுவது பொருந்தாது. எனினும் கல்லூரி விளையாட்டின் அமைப்பைச் சிறிது நோக்கினால் பொதுவான இடர் ஒன்று புலனாகின்றது. பல கல்லூரிகளில் மெய்பேணுநருக்குச் சம்பளம் வழங்குவதும், அவரைப் பதவியில் வைப்பதும் விலக்குவதும் விளையாட்டுத் துறையே. அத்துறையின் வாழ்வோ வெற்றியில் தங்கியுள்ளது. தலைமைப் பயிற்றுநரின் சம்பளம் பல இலட்சம் டொலர்; பெரிய பல்கலைக்கழகங்களில் அது மில்லியன் கணக்கில் அமையும். அத்தகைய ஒருவர், தமது கடும் பயிற்சியினால் மாணவரின் மனவுறுதியைச் சோதிப்பதாகக் கருதும் வேளையில், அவரினும் பன்மடங்கு குறைந்த சம்பளம் பெறும் ஒருவர் சென்று 'இவனை நிறுத்துங்கள்' என்று சொல்லவேண்டும். நூலில் இது ஒரு வரி. மைதானத்தில் இது வேலையைப் பணயம் வைப்பதாகும். இவ்விடரை உணர்ந்தே 2016இல் ஐந்து பெரும் கல்லூரிக் கூட்டமைப்புகள், மாணவர் ஆடலாமா ஆடலாகாதா என்ற முடிவில் மருத்துவப் பொறுப்பாளரின் சொல்லைப் பயிற்றுநர் மறுக்கலாகாது என விதிசெய்தன. விதி செய்யப்பட்ட சில ஆண்டுகளுக்குள் மேரிலாந்தில் மேற்கூறியது நிகழ்ந்தது.

வேலைவாய்ப்பை நோக்குவோம். தொழில் வளர்கின்றது என்பதில் ஐயமில்லை. அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரத் திணைக்களம் இதனைச் சராசரித் தொழில்களினும் மிக விரைந்து வளர்வனவற்றுள் ஒன்றாகவே கணித்துவந்துள்ளது. பாடசாலை, கல்லூரி, வைத்தியசாலை என்னும் பழைய இடங்களுக்கு அப்பால், படைமுகாம்களிலும், தீயணைப்புப் படையிலும், நடனக் குழுக்களிலும், சுமைதூக்கும் தொழிலாளர் நிறைந்த பண்டகசாலைகளிலும் இன்று மெய்பேணுநர் அமர்த்தப்படுகின்றனர். சுமைதூக்குபவரின் முதுகும் பந்தெறிபவரின் தோளும் உடலின் விதிகளுக்கு ஒரே தன்மையன என்பதை முதலாளிமார் பிந்தியேனும் உணர்ந்தது நன்று. இளைஞர் கனவு காணும் தொழில்முறை அணிகளிலோ இடங்கள் மிகச் சில. தேசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பில் உள்ள அணிகள் 32. ஓர் அணிக்குச் சிலரே தேவை. தொலைக்காட்சியில் தோன்றும் அம்முகங்களை நம்பிப் படிக்க வருவோர் பெரும்பாலும் வேறெங்கோதான் வேலைபார்க்க நேர்கின்றது.

சம்பளத்தில்தான் முரண் வெளிப்படுகின்றது. 2023 மே மாதக் கணக்கின்படி மெய்பேணுநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 57,930 டொலர். அதே கணக்கில் இயன்மருத்துவருக்கு 99,710 டொலர். இயன்மருத்துவருக்கு வேண்டப்படுவது கலாநிதி நிலைத் தொழிற்பட்டம் என்பது உண்மையே. எனினும் முன்னர் இளமாணிப் பட்டத்தோடு எட்டக்கூடியதாயிருந்த சம்பளத்துக்கு இப்பொழுது முதுமாணிப் படிப்பின் கடனையும் சுமந்து வரவேண்டியுள்ளது. வேலைநேரமோ பிறர் ஓய்வெடுக்கும் நேரம்: மாலை, இரவு, வார இறுதி. பிள்ளைகளையுடைய பெண்கள் பலர் சில ஆண்டுகளில் இத்தொழிலைவிட்டு விலகுவதற்கு இதுவே பெருங்காரணமென ஆய்வாளர் எழுதுகின்றனர். முதுமாணிப் பாடநெறி நடத்த இயலாத சிறு கல்லூரிகள் சில தம் பாடநெறியையே மூடிவிட்டன. தகுதியை உயர்த்தினால் மதிப்பு உயரும், மதிப்பு உயர்ந்தால் சம்பளம் தானே உயரும் என்று 2015இல் முடிவெடுத்தோர் நம்பினர். முதற்பாதி ஓரளவு பலித்தது. மறுபாதியை ஊழியர் இன்னும் எதிர்பார்த்திருக்கின்றனர்.

சம்பளம் குறைந்திருப்பதன் மூலகாரணம் பேராசை மட்டுமன்று; கணக்குமுறை. அந்நாட்டில் மருத்துவச் சேவை காப்புறுதிப் பணத்தினால் இயங்குகின்றது. வைத்தியர் பார்த்த நோயாளிக்குப் பற்றுச்சீட்டு உண்டு, அறுவைக்கு உண்டு, இயன்மருத்துவத்துக்கும் உண்டு. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டமோ மெய்பேணுநரைத் தனிச் சேவையாளராக ஏற்கவில்லை. தனியார் காப்புறுதியும் பல இடங்களில் தயங்குகின்றது. அன்றியும், மதியம் நீர் அருந்தச் செய்து, பயிற்சியை மாலைக்கு மாற்றுவித்து, ஒரு வெப்பத்தாக்கத்தை வராமலே தடுத்தவர் எதற்குப் பற்றுச்சீட்டு எழுதுவார்? நேராத காயத்துக்கு விலை குறிக்கும் கணக்கேடு எந்த நிருவாகத்திடமும் இல்லை. ஆகவே பல பாடசாலைகளில் மெய்பேணுநர் வைத்தியசாலையினால் இரவலாக அனுப்பப்படுகின்றார். காயமுறும் பிள்ளைகள் தம்மிடம் வருவர் என்பது வைத்தியசாலையின் எதிர்பார்ப்பு. ஏற்பாடு தவறன்று, பாடசாலைகள் பல அதனால் நன்மை பெறுகின்றன. ஆயினும் காயத்தைக் குறைக்க வந்தவரின் சம்பளம் காயத்தின் வருகையில் தங்கியிருப்பது விசித்திரமே.

2015இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, அமெரிக்காவின் அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகளுள் 70 சதவீதத்தினவற்றுக்கு மெய்பேணுநரின் சேவை ஏதோவொரு வகையிற் கிட்டியது. முழுநேர மெய்பேணுநரைக் கொண்டிருந்தவை 37 சதவீதம் மட்டுமே. வாரத்தில் இரு நாள் வருபவர் மற்றைய மூன்று நாள்களில் வீழ்பவனை எங்ஙனம் தாங்குவார்? கிராமத்துப் பாடசாலைகளும் வறிய பகுதிப் பாடசாலைகளுமே பெரிதும் இன்றியிருக்கின்றன. அங்கெல்லாம் பயிற்றுநரே மெய்பேணுநர். சிலம்ப ஆசானின் நிலைதான், ஆனால் ஆசானின் தடவுமுறை அறிவு இன்றி.

ஈழத்து வாசகர் இதனைப் பிறநாட்டுச் செய்தியாக மட்டும் வாசித்தல் இயலாது. இங்கே பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் தை, மாசி, பங்குனி மாதங்களில் நடைபெறுகின்றன. மரதன் ஓட்டம் பெரும்பாலும் அவற்றின் முன்னோடி. மருந்துப் பெட்டியோடு நிற்பவர் உடற்கல்வி ஆசிரியர் அல்லது முதலுதவிப் படையைச் சேர்ந்த மாணவர். 2024இல் கிழக்கிலங்கையில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தபோது ஊர் கொதித்தெழுந்தது. அம்மரணத்தின் காரணத்தை ஆராய்தல் இங்கு நோக்கமன்று. ஓட்டப் பாதையில் எவர் நிற்கவேண்டும், அவர் என்ன கற்றிருக்கவேண்டும் என்னும் வினாக்கள் இங்கும் எழுந்துவிட்டன என்பதே குறிக்கற்பாலது. முதுமாணிப் பட்டதாரி ஒருவரை ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்புவது அமெரிக்காவினாலேயே இயலாததாயிற்று. ஒரு பெரிய தொட்டி, போதிய பனிக்கட்டி, ஒரு வெப்பமானி, அதனைப் பயன்படுத்த அறிந்த ஓர் ஆசிரியர், அவ்வாசிரியர் போட்டியை நிறுத்தினால் அதிபர் அதனை ஏற்பார் என்ற உறுதி ஆகியவற்றுக்கு அத்துணைச் செலவு ஆகாது. இவற்றுள் கடைசியதே பெறுதற்கரியது.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இதற்கு வழி கண்டுள்ளன. பொஸ்ரன் பல்கலைக்கழகமும் வட கரோலைனாப் பல்கலைக்கழகமும் தம் மெய்பேணுநரை விளையாட்டுத் துறையின் கீழ் வைக்காது மாணவர் சுகாதார சேவையின் கீழ் வைத்தன. அங்கே அவரது மேலதிகாரி பயிற்றுநர் அல்லர், வைத்தியர். தோல்வியுற்ற அணியின் கோபம் அவரது பதவியைத் தொடாது. இத்தொழிலிற் புதிதாக நுழையும் பட்டதாரிகளுக்கு மூத்தோர் கூறும் அறிவுரையும் இதுவே: நேர்முகப் பரீட்சையில் சம்பளத்தைக் கேட்குமுன், தமது அறிக்கை யாருடைய மேசைக்குச் செல்லும் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பயிற்றுநரின் மேசைக்கு என்று விடை வந்தால், வேறு இடம் பார்ப்போரும் உளர். கடனை நினைந்து கையொப்பமிடுவோரும் உளர்.